வடிவு டீச்சர் தரவேண்டியது

முதலில் அநியாயம் செய்தவர் தீத்தாரப்பன் வாத்தியார்தான். அதற்கப்புறம் எத்தனையோ பேர் செய்துவிட்டார்கள், ஆனால் ஆரம்பித்து வைத்தவர் அவர். மூன்றாம் வகுப்பு. விரலிடுக்கெல்லாம் சிரங்கு. ஊதா மருந்தைத் தடவிக்கொண்டு போய்ப் பலகையில் உட்கார்ந்த பால்வண்ணனைப் பிரம்பு நுனியால் தோளில் தொட்டு, கையால்கூட இல்லை, பிரம்பு நுனியால் தொட்டு, “ஏலே, நீ வெளிய போய் உக்காரு, அங்க இருந்தாலும் கேக்கும்” என்றார். கேட்கத்தான் செய்தது. பையன்கள் சேர்ந்து கத்திய வாய்ப்பாடு சன்னலைத் தாண்டி வந்து காதில் விழுந்தது. சிரங்கு ஆறி, ஊதா நிறமும் போய், தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. உள்ளே வா என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லட்டும் என்று பால்வண்ணனும் இருந்தார். சொல்லாமலே அந்த மனுஷன் செத்தும் போய்விட்டார். இப்போது பாருங்கள், அதே பள்ளிக்கூடம் எழுந்து நடந்து வந்து அவர் வீட்டு நடு அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, அவரைப் பார்த்து நீ வெளியே போ என்கிறது. கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிய நாளிலிருந்து பேத்தி தர்ஷிகாவுக்கு ஐந்தாம் வகுப்பு போனில்தான். இருப்பது ஒரே அறை. அதில் ஒரு மூலை அடுப்படி. மகன் தங்கப்பாண்டி எண்ணெய் மில்லுக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறான், பிள்ளை படிக்கட்டும் என்று. அந்தப் போனைக் கோதுமை மாவு டப்பாவில் சாய்த்து வைத்து, அதற்கு எதிரே பிள்ளை பாயில் உட்கார, அவள் முதுகுக்குப் பின்னால் மருமகள் முப்பிடாதியின் கல்யாணச் சேலையைக் கொடியில் விரித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சுவரில் காரை பெயர்ந்து கிடப்பது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதாம். பாச்சை உருண்டை நாற்றம் அடிக்கிற சேலை. பிள்ளையும் அப்படித்தான், மேலே பள்ளிக்கூடத்துச் சட்டை, இடுப்புக்குக் கீழே கிழிந்த பாவாடை. போனுக்குத் தெரிகிற வரைக்கும் ஒரு வீடு, தெரியாத இடத்தில் ஒரு வீடு. தெரியாத இடத்தில், போனின் முதுகைப் பார்த்துக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில், சாக்கின் மேல் பால்வண்ணன். வாயில் ஒரு துண்டு சுக்கை அடக்கியிருக்கிறார். இருமல் வரக்கூடாது. இன்றைக்கு மட்டும் வரக்கூடாது.

இன்றைக்கு அவள் சொல்லப்போகிறாள். வடிவு டீச்சர். முழுப்பெயர் சண்முகவடிவு, பிள்ளைகள் கூப்பிடுவது வடிவு டீச்சர் என்று. தான் சொன்னது தப்பு என்று அவள் இன்றைக்கு இந்த வகுப்பில், அதே பிள்ளைகள் காதில் விழுகிற மாதிரி, சொல்லியாக வேண்டும். பால்வண்ணன் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். தங்கப்பாண்டி நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டே, கண்ணைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னான், “டீச்சர்ட்ட பேசிட்டேம்ப்பா. நாளைக்கு வகுப்புலயே சொல்லிருதேன்னு சொல்லிட்டாங்க.” “எல்லாப் பிள்ளைகளும் கேக்க?” “எல்லாப் பிள்ளைகளும் கேக்க.” “நீ பேசுனியா, நெசமா?” “பேசுனேம்ப்பா.” பேசினானோ என்னவோ. இவன் யாரிடமும் நிமிர்ந்து பேசின பையன் இல்லை. மில்லில் கூலியைக் குறைத்தபோதும் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தவன். அப்பன் வாயை அடைக்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பான். ஆனால் தட்டைப் பார்த்துப் பேசியதை வைத்துப் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது, அவன் மெய்யையும் தட்டைப் பார்த்துத்தான் பேசுவான். காலையில் முப்பிடாதி வேறு, காப்பித் தண்ணியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். “மாமா, டீச்சர் சொன்னாக் கேட்டுக்கோங்க. பதிலுக்கு நீங்க ஒண்ணும் பேசிராதீங்க.” “நான் என்னத்தப் பேசப்போறேன்?” “அதான். பிள்ள அவங்ககிட்டதான படிக்கணும்.” “சொன்னாப் போதும். நான் ஏன் பேசுதேன்?” அப்படிச் சொன்னாரே தவிர, பதிலுக்கு என்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். சரிம்மா, இருக்கட்டும், என்று சொல்லலாம். அல்லது ஒன்றும் சொல்லாமல் ஒரு செருமல். வேண்டாம், செருமினால் இருமல் வந்துவிடும். தலையை மட்டும் ஆட்டலாம். தலை ஆட்டுவது போனில் தெரியுமா? பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். அக்குளில் இறுக்குகிறது. பேத்தி அதைப் பார்த்தாள். தாத்தா என்ன கல்யாண வீட்டுக்கா என்று கேட்கிற பிள்ளை, கேட்கவில்லை.

போன் முழித்துக்கொண்டது. முதலில் வருவது சத்தம் இல்லை, ஒரு கொரகொரப்பு, சளி கட்டின நெஞ்சு மாதிரி. அப்புறம் ஒவ்வொரு வீடாக வந்து சேர்கிறது. குக்கர் விசில். ஆட்டுக்குட்டி. யாரோ ஒருத்தி, “எந்திரில சவமே, டீச்சர் வந்தாச்சு” என்று அடிக்கிற சத்தம். எவனோ மூக்கு உறிஞ்சுகிறான். இன்னொரு வீட்டில் கக்கூசுக் கதவு தகரம், அது திறந்து மூடுகிறது, அதுவும் கேட்கிறது. மனுஷன் தன் வீட்டுக் குடலைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் இப்படி நடுத்தெருவில் எடுத்துப் போட்டு, அதற்குப் பெயர் படிப்பு. நாய் ஒன்று குரைத்தது. “பாரு, நாய்க்கும் பாடம் வேணுமாம்” என்றாள் வடிவு டீச்சர். பிள்ளைகள் சிரித்தார்கள். நாயை வெளியே அனுப்பு என்று அவள் சொல்லவில்லை. குக்கரை வெளியே அனுப்பு என்று சொல்லவில்லை. கக்கூசுக் கதவை. ஆட்டுக்குட்டியை. ஒரு மனுஷனின் இருமல்தான் அன்றைக்கு அவளுக்கு ஆகவில்லை. “யார் வீட்டுல அந்தக் கெழட்டு இருமல்? அந்த ஆள முதல்ல வெளிய அனுப்புங்கப்பா, போன் வழியா நமக்கும் ஒட்டிக்கிடும் போலருக்கு.” அப்படித்தான் சொன்னாள். வார்த்தை மாறாமல் அப்படித்தான். அன்றைக்கும் அவர் இங்கேதான் இருந்தார், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், தர்ஷிகா எழுந்து நின்று பாட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள், மைக் திறந்திருந்தது, கஞ்சியில் கிடந்த மிளகாய் தொண்டையில் ஏறிவிட்டது. போனுக்குள் சிரிப்பு கிளம்பி வந்தது பாருங்கள், கூரைத் தகரத்தில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி. தர்ஷிகா பாட்டை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். காது இரண்டும் சிவந்துபோயிற்று. கெழட்டு என்றது பரவாயில்லை, கிழவன்தான். இருமல் என்றதும் பரவாயில்லை, இருமல்தான். அந்த ஆள். அந்த ஆள் என்றாளே. யார் வீட்டில் யாரை அந்த ஆள் என்கிறாள்? இந்த வீட்டுக்கு வாசக்கால் நிறுத்தியபோது அவள் எங்கே இருந்தாள்? அந்த ஆள். தெருவில் போகிறவனை, திருட வந்தவனை, குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடப்பவனைச் சொல்வது. அந்த ஆள்.

அது என்ன இருமல் என்று அவளுக்குத் தெரியுமா? நோய் என்று நினைத்துவிட்டாள். இந்த ஊரில், விருதுநகரில், வத்தல் மண்டியில் வேலை பார்த்தவன் எவன் இருமாமல் இருக்கிறான்? கோணிச் சாக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, காய்ந்த மிளகாயை உள்ளே கொட்டி, மேலே தண்ணீர் தெளித்து, சாக்குக்குள்ளேயே இறங்கி மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கத் தூசு எழும்பி மூக்கில், கண்ணில், தொடையிடுக்கில். குளித்தாலும் எரியும், குளிக்காவிட்டாலும் எரியும். புதுப் பெண்டாட்டியைத் தொடப் பயந்து தள்ளிப் படுத்த காலம் உண்டு. மண்டிக்காரர்கள் ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வாசலோடு பேசிவிட்டுப் போவார்கள். இந்த ஊர்க்காரி என்றால் இருமலைக் கேட்டதும் ‘வத்தல்காரர் போல’ என்று பேசாமல் இருந்திருப்பாள். இவள் தெற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவள். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மானம் போனது யாருக்கு? டீக்கடை சின்னமணியின் மகள் நித்யகலாவும் அந்த வகுப்புத்தான். தர்ஷிகாவுக்குக் கூட்டாளி. அவள் போய் அவள் அப்பனிடம் சொல்லி, மறுநாள் காலையில் சின்னமணி எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸில் ஊற்றிவிட்டு, பால்வண்ணன் முறை வந்ததும் ஒரு காகிதக் கப்பை எடுத்தான். “அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க, ஏவாரம் பாருங்க.” அவர் கப்பை வாங்கவே இல்லை. அது பெஞ்சில் இருந்து ஆடை படிந்து ஈ விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்தான், அன்றிலிருந்து வாசற்படி தாண்டவில்லை. சின்னமணி வந்து கூப்பிடட்டும். வரமாட்டான். வராவிட்டால் போகிறான். அதோடு விட்டதா? எவனோ போய்ச் சொல்லி, முகம் தெரியாத அளவுக்கு மூடிக்கொண்டு இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, கோழி இறகுக் குச்சி மாதிரி ஒன்றை மூக்குக்குள் விட்டு, மூளை வரைக்கும் குடைந்தார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தெருவே தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. அழுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒன்றும் இல்லை என்று சீட்டு வந்தது. வந்தவர்கள் அதைத் தெருவுக்குச் சொன்னார்களா? குடைந்தது எல்லோருக்கும் தெரியும், ஒன்றும் இல்லை என்பது இந்த அறைக்கு மட்டும் தெரியும். அதற்காகத்தான் அவள் சொல்ல வேண்டும் என்கிறார். எந்த வாயால் கிளம்பியதோ அந்த வாயால். எந்தப் பிள்ளைகள் சிரித்தார்களோ அந்தப் பிள்ளைகள் காதில். அவர்கள் போய் அவரவர் வீட்டில் சொல்வார்கள். அப்புறம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடை வழியாக நடந்து போவார், நிற்கமாட்டார், நடந்து மட்டும் போவார்.

சுக்கு கரைந்து சக்கையாகி நாக்கில் ஒட்டுகிறது. போனுக்குள் பாடம் ஓடுகிறது. கண்மாய், மடை, மதகு. “உங்க ஊர்ல கண்மாய் பாத்தவங்க யாரு?” நான் டீச்சர், நான் டீச்சர், நான். ஒருத்தன், “டீச்சர், எங்க மாமா கண்மாய்ல வீடு கட்டியிருக்காரு” என்றான். அவள் சிரித்துவிட்டு, “அத வெளிய சொல்லாதடா” என்றாள். நல்ல சிரிப்புத்தான். கேட்டால் கெட்டவள் என்று சொல்ல முடியாத சிரிப்பு. அதுதான் அருவருப்பாக இருக்கிறது. தீத்தாரப்பன் வாத்தியாரும் கெட்டவர் இல்லை என்றுதான் ஊர் சொல்லும், ஏழைப் பிள்ளைகளுக்குச் சிலேட்டு வாங்கிக் கொடுத்தவராம். கெட்டவன் செய்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். சட்டைக் காலர் கழுத்தை அறுக்கிறது. அடுப்பில் முப்பிடாதி கருவாட்டைப் போட்டுவிட்டாள், இன்றைக்குப் பார்த்துக் கருவாடு, எண்ணெய்ப் புகை கிளம்புகிறது, அவளைப் பார்த்து முறைத்தார். அவள் சட்டென்று அடுப்பை அமர்த்திவிட்டுச் சட்டியை மூடினாள். புகை போகவில்லை. தொண்டையில் ஒரு எறும்பு ஏறுகிற மாதிரி. எச்சிலை விழுங்கினார். எறும்பு இறங்கியது. பாடம் முடிகிற பாடாக இல்லை. மறந்துவிட்டாளோ? மறந்திருப்பாள். அவளுக்கென்ன, நாற்பது பிள்ளையில் ஒரு வீடு, அதில் ஒரு இருமல். இல்லை, தங்கப்பாண்டி பேசவே இல்லை. பேசியிருந்தால் முதலிலேயே சொல்லியிருக்க மாட்டாளா? பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். போனைப் பார்க்கிறபோது அவளுக்கு வேறு ஒரு முகம் வந்துவிடுகிறது, கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு, உதட்டைப் பூட்டிக்கொண்டு. வீட்டில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. அது யாருக்கான முகமோ. பாவாடை நுனியை மட்டும் ஒரு கை திருகிக்கொண்டே இருக்கிறது, அது போனுக்குத் தெரியாது. எதற்குத் திருகுகிறாள்? பாடம் தெரியாத பிள்ளையா? கண்மாய் கேள்விக்கு எல்லாரையும் முந்திப் பதில் சொன்னாளே.

“சரி, யாரும் கட் பண்ணிப் போயிராதீங்க. எல்லாரும் இருங்க” என்றாள் வடிவு டீச்சர். “தர்ஷிகா.” “டீச்சர்.” “தாத்தா பக்கத்துல இருக்காங்களாம்மா? கூப்பிடு. ரெண்டு வார்த்த பேசணும். எல்லாப் பிள்ளைகளும் கேக்கட்டும்.” தங்கப்பாண்டி பேசிவிட்டான். நிஜமாகவே பேசிவிட்டான். பால்வண்ணனுக்கு முதலில் அதுதான் நெஞ்சில் பட்டது, என் பையன் பேசிவிட்டான் என்று. சாக்கின் மேல் கையை ஊன்றிப் பாதி எழுந்தார். முழங்கால் சொடக்கிட்டது. எந்தப் பக்கமாகப் போய் உட்காருவது, பிள்ளைக்குப் பக்கத்திலா பின்னாலா, சேலைக்கு முன்னால் உட்கார்ந்தால் முழுதும் தெரியுமா, தலையை ஆட்டலாமா, சரிம்மா என்று சொல்லலாமா. தர்ஷிகாவின் கண் போனை விட்டு இறங்கி, மாவு டப்பாவுக்கு மேலாக, நேராக அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் திரும்பப் போனுக்குப் போயிற்று. “தாத்தா இல்ல டீச்சர்.” “எங்க போயிருக்காங்க?” “சாத்தூருக்கு. அத்தை வீட்டுக்கு.” “எப்ப?” “போன வாரமே போயிட்டாங்க டீச்சர்.” அப்போது நித்யகலாவின் குரல், கணீரென்று, “ஆமா டீச்சர். அவங்க தாத்தாவ ஊருக்கு அனுப்பியாச்சுன்னு தர்ஷிகா எங்ககிட்ட சொல்லிட்டா. அதுக்கப்புறந்தான் எங்கம்மா இவகூட வெளையாட விட்டுச்சு.” யாரும் சிரிக்கவில்லை.

பாதி எழுந்தவர் பாதியிலேயே நின்றார். உட்காரவும் முடியவில்லை, உட்கார்ந்தால் முழங்கால் மறுபடி சொடக்கிடும். முப்பிடாதி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள், அவளுக்கும் தெரியாதுபோலத்தான் இருந்தது, வாய் திறந்தபடி நின்றாள். சாத்தூரா. சாத்தூரில் மகள் வீட்டுக்கு அவர் போய் எவ்வளவு காலம் ஆகிறது, மருமகன் மரியாதை இல்லாமல் பேசினான் என்று வந்தவர்தானே. இந்தப் பிள்ளை அவரை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறாள். வாசல் தாண்டாமல் அவர் ரோசத்தோடு வீட்டுக்குள் கிடந்த நாளெல்லாம் தெருவில் இவள் ஓடி விளையாடியிருக்கிறாள், தாத்தா ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டு. அப்போதுதான் எறும்பு திரும்ப ஏறியது. ஒன்று இல்லை, புற்றே கலைந்தமாதிரி. கருவாட்டுப் புகை. ஒரு இருமல் போதும். ஒன்றே ஒன்று. வீட்டில்தான் இருக்கிறேன் என்று அந்த இருமலே சொல்லிவிடும், அத்தனை பிள்ளைகளும் கேட்பார்கள், டீச்சர் யார் அங்கே என்பாள், அவர் போய் உட்காருவார், தான் சொல்ல வந்ததை அவள் சொல்லித்தான் ஆகவேண்டும். வர வேண்டியது வந்து சேர்ந்துவிடும். பிள்ளையின் கை பாவாடையைத் திருகுவதை நிறுத்திவிட்டது. அசையாமல் இருந்தாள். கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு, உதட்டைப் பூட்டிக்கொண்டு, காது சிவக்கத் தொடங்கியது. அன்றைக்குச் சிவந்தது போலவே. பால்வண்ணன் தோள் துண்டை இழுத்து வாயில் திணித்தார். தொண்டையோடு சேர்த்து அழுத்தினார். கண் பிதுங்கியது, மூக்கில் ஒழுகியது, விலாவுக்குள் எதுவோ மோதிமோதித் திரும்பியது, காதுக்குள் மண்டியில் மிதிக்கிற மிதி. துண்டின் வியர்வை நாற்றம் குமட்டி வாய் நிறையப் புளித்த தண்ணீர். அதையும் விழுங்கினார். “அப்படியாம்மா? சரி. வந்தாங்கன்னா நான் கேட்டேன்னு சொல்லிரு” என்றாள் வடிவு டீச்சர். குரலிலிருந்து ஒரு பாரம் இறங்கியது இவருக்குக் கேட்டது. நிச்சயமாகக் கேட்டது. நன்றி டீச்சர், நன்றி டீச்சர், என்று வரிசையாகக் கத்திவிட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஆடு, குக்கர், தகரக் கதவு.

தர்ஷிகா போனை எடுத்து எதையோ அமுக்கினாள். நிமிரவில்லை. பால்வண்ணன் துண்டை எடுக்காமலே கையை நீட்டி, விரலை ஆட்டிக் கேட்டார், அமர்த்திவிட்டாயா என்று. அவள் தலையசைத்தாள். அவர் மறுபடியும் விரலை ஆட்டினார், நன்றாகப் பார் என்று. அவள் போனைத் திருப்பி இருட்டான முகத்தை அவருக்குக் காட்டினாள். அதற்கப்புறம்தான் இருமினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வெள்ளைச் சட்டையில் எச்சில் தெறிக்க, அடுப்படிப் பாத்திரம் அதிர, நெடுநேரம் இருமினார். முப்பிடாதி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். பிள்ளையின் பக்கம் திரும்பி, “ஏண்டி, எம்புட்டுத் திண்ணக்கம் இருந்தா...” என்று கையை ஓங்கினாள். “வுடு” என்றார். “இல்ல மாமா, இவ...” “பிள்ளய வுடுங்கேன்ல.” தர்ஷிகா சேலையைக் கொடியிலிருந்து உருவி, மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டு, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். “சாயங்காலம் அவங்க வரவும் மறுபடி டீச்சர்ட்ட பேசச் சொல்லுதேன் மாமா. நாளைக்குச் சொல்லட்டும்.” “யார்ட்டச் சொல்லுவா? நாந்தான் சாத்தூர்ல இருக்கேன்லா” என்றார் பால்வண்ணன்.

சட்டையைக் கழற்றினார். அக்குள் தையல் விட்டிருந்தது. திரும்பச் சாக்கில் உட்கார்ந்தார். இந்நேரம் அந்த வடிவு கையைக் கழுவிக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்திருப்பாள், நான் சொல்லத்தான் வந்தேன், ஆள் இல்லை, நான் என்ன செய்ய என்று. நன்றாகத் தின்னட்டும். வாசல்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனால் தந்ததாக ஆகிவிடுமா? அந்த ஆள் என்ற சொல் இன்னும் இந்த அறைக்குள்ளேதான் கிடக்கிறது, கருவாட்டு நாற்றத்தோடு நாற்றமாக. எடுத்துக்கொண்டு போகவேண்டியவள் எடுக்கவில்லை. அதுகூடப் போகட்டும். பத்து வயதுப் பிள்ளை, தாத்தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாத்தன் இல்லை என்று சொன்னதே, அதை எங்கே வைப்பது? பிள்ளையின் மேல் வைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. முகத்தைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு முதுகு குலுங்குகிற ஒரு பிள்ளைமேல் எதை வைத்தாலும் வழுக்கி விழுகிறது. ஆனால் யார்மேலாவது வைத்துத்தான் ஆகவேண்டும், அப்படியே விட்டுவிட அவர் என்ன கோவில் சாமியா? அன்றைக்கு அந்த டீச்சர் அப்படிச் சொல்லிச் சிரிக்காமல் இருந்திருந்தால் பிள்ளைக்கு இந்தப் பொய் எதற்கு? அவள் கற்றுக்கொடுத்ததுதான் இதுவும். எல்லாம் அவள்தான். ஒன்று தரவேண்டியவளாக இருந்தாள், இப்போது இரண்டு ஆயிற்று, இரண்டையும் அவள்தான் தரவேண்டும், அவள் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும்.